தண்ணீருக்கு அடங்காத தீ

பட்டறைக்காரியின் தம்பியைத் தெருவில் எல்லோரும் 'சுருள்' என்றுதான் கூப்பிடுவார்கள். கடைசல் இயந்திரத்தின் முன்னால் நின்று நின்று, அவன் தலைமுடியில் எப்போதும் ஒரு உலோகச் சுருள் சிக்கியிருக்கும். இரும்பும் பித்தளையுமே கடைந்துகொண்டிருந்த அக்காவும் தம்பியும் அந்த மழைக்காலத்தில்தான் முதன்முதலாக மெக்னீசிய வேலை பிடித்தார்கள்.

சரக்கை இறக்கிய உலோக வியாபாரி எச்சரித்துவிட்டுத்தான் போனார். "கடையும்போது விழற சீவலைச் சேரவிடாதீங்க. பத்திக்கிட்டா காஞ்ச மணலைக் கொட்டுங்க. தண்ணி மட்டும் ஆகாது."

"இரும்புச் சீவல் வருஷக்கணக்கா மூலையில கிடக்குது. இது மட்டும் ஏன்?" என்றான் சுருள்.

"எல்லா உலோகத்துலயும் வெளி ஓரத்துல எலக்ட்ரான் இருக்கு. தங்கம் மகா கஞ்சன், லேசுல விடாது. இரும்பு முனகிக்கிட்டே கொடுக்கும், அதான் மெல்லத் துருப்பிடிக்குது. மெக்னீசியத்துக்குப் பிடிப்பே கிடையாது. சூடு ஏறிட்டா, தண்ணிக்குள்ள இருக்கிற ஆக்சிஜனைக்கூடப் புடுங்கிக்கும். மிச்சமாகிற ஹைட்ரஜன் வெடிக்காம சும்மா இருக்குமா?"

"கொடுக்கிறவனை நல்லவன்னுல்ல சொல்வாங்க."

"இவன் கொடுத்தா வீடு தாங்காது, தம்பி."

மூவரும் சிரித்தார்கள். அன்றே அக்கா வாசலோரம் மணல் கொட்டவைத்துத் தார்ப்பாயால் மூடினாள்.

ஒரு மதியம், முனை மழுங்கிய உளி உரசியதில் பொறி பறந்து, தட்டில் கிடந்த சீவல் பற்றிக்கொண்டது. கண்ணைப் பறிக்கும் வெள்ளை வெளிச்சம். அவள் மண்வெட்டியோடு மணலுக்கு ஓடினாள். காற்றில் தார்ப்பாய் விலகிக் கிடந்தது. ஒரு பிடி அள்ளினாள். விரலிடுக்கில் தண்ணீர் வடிந்தது.

"போடுக்கா!"

"ஈரம்டா. இதுவும் தண்ணியும் ஒண்ணுதான்."

உள்ளே போய்ச் சரக்கையாவது இழுத்துவரத் துடித்தவனைச் சட்டையைப் பிடித்து வெளியே தள்ளினாள். அப்போதுதான் பின் சன்னலில் பக்கத்துத் தையல்காரர் வாளியோடு நிற்பது தெரிந்தது. "ஊத்தாதீங்கண்ணே!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவர் காதில் விழவில்லை.

தொம்மென்று ஒரு சத்தம். எரியும் துண்டுகள் கூரையைத் துளைத்துக்கொண்டு பறந்தன. தையல்காரர் கையைப் பிடித்துக்கொண்டு சேற்றில் உட்கார்ந்துவிட்டார்.

தீயணைப்பு வண்டி வந்தது. மெக்னீசியம் என்று கேட்டதுமே அதிகாரி குழாயைத் தையல்கடைச் சுவர் பக்கம் திருப்பச் சொன்னார்.

"எங்க பட்டறை எரியுது சார்," என்றான் சுருள்.

"தெரியுதுப்பா. இந்தத் தீயை அணைக்கிற பொடி எங்ககிட்ட இல்லை. பக்கத்துக் கடையைக் காப்பாத்தப் பார்க்கிறோம். இது எரிஞ்சுதான் தீரணும்."

அவருடைய ஆட்களும் அவளும் ஒரே வரிசையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு அழுகைகூட வரவில்லை. கை பரபரத்தது. எதையாவது தூக்க வேண்டும், எதையாவது வீச வேண்டும். எதுவும் இல்லை.

பொழுது சாய்ந்தபோது தீ தானாகவே அடங்கியது. தையல்கடை தப்பித்தது. கடைசல் இயந்திரத்தைத் தாங்கும் இரும்புப் படுகை குறுக்கே விரிசல் விட்டுப்போயிருந்தது.

தையல்காரர் முழங்கை வரை கட்டோடு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தார். கத்திரி பிடிக்கிற கை.

"நல்லதுன்னு நெனச்சுதாம்மா ஊத்தினேன்."

"தெரியும்ணே."

அவர் இடது கையால் பூட்டைத் திறக்க முடியாமல் திணறுவதைப் பார்த்து, சாவியை வாங்கிக் கடையைத் திறந்துவிட்டாள்.