லோஷினிக்கு நான்கு தோள்கள்

பத்து பாகாட் ஊர்க் கிடங்கில் மூட்டை இறக்கி முடித்ததும் மணியம் நேராக ஜிம்னாஸ்டிக் மண்டபத்துக்கு வந்துவிடுவார். வேலைக்குப் போடும் மஞ்சள் வெஸ்ட்டைக் கழற்றவும் அலுப்பு. மகள் லோஷினிக்குப் பதினொரு வயது. ஓடிவந்து, தாண்டும் மேசையில் கையூன்றி, காற்றில் ஒரு சுற்றுச் சுற்றி மெத்தையில் இறங்குவாள். இறங்குவாளே தவிர நிற்கமாட்டாள், விழுவாள். சனிக்கிழமை மாநிலக் குழுவுக்குத் தேர்வு. அன்றும் விழுந்தால் அடுத்த வருஷம்தான். அதனால் மணியம் மெத்தைக்கு இடப்பக்கம், லாரியிலிருந்து மூட்டை வாங்குகிறவர் மாதிரி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நிற்பார்.

உடல் அசைவை ஆராயப் பல்கலைக்கழகத்திலிருந்து அபிகெயில் வந்திருந்தாள். பிள்ளையின் மூட்டுக்கு மூட்டு மினுங்கும் பொட்டு ஒட்டினாள். சுற்றிலும் எட்டு கேமரா. பொட்டுகளைப் பார்த்து, எந்த எலும்பு எப்போது எங்கே போகிறது என்று கணினி கோடு போட்டுக் காட்டும்.

முதல் நாள் கோடு வந்தது. அபிகெயில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"அங்கிள், லோஷினிக்கு நாலு தோள் காட்டுது."

"எங்க குடும்பத்துல தோள் கொஞ்சம் பெருசுதான் மிஸ்."

"பெருசு இல்ல அங்கிள், நாலு! ரெண்டு குதிக்குது, ரெண்டு சும்மா நிக்குது."

மறுநாள் எட்டு கேமராவையும் கழற்றி மாட்டினாள். நான்கு தோளோடு ஓர் இடுப்பும் கூடிவிட்டது. மணியம் வீட்டுக்குப் போய்ச் சொல்ல, மனைவி புஷ்பவள்ளி பிள்ளைக்கு உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாள்.

மூன்றாம் நாள் மணியத்தின் தண்ணீர்ப் போத்தல் கீழே விழுந்தது. குனிந்தார். திரையில் சும்மா நின்ற தோள்களும் குனிந்தன.

"அலமாக்! அங்கிள், அந்த வெஸ்ட்டைக் கழட்டுங்க!" என்று கத்தினாள் அபிகெயில்.

"உள்ள பனியன் ஓட்டை மிஸ்."

"பரவால்ல, கழட்டுங்க லா!"

லாரிக்காரன் கண்ணில் படவேண்டுமென்று தைத்த மினுங்கும் பட்டை, எட்டு கேமராவின் கண்ணிலும் பட்டிருக்கிறது. வெஸ்ட் கழன்றது. லோஷினிக்கு இரண்டே தோள்.

இப்போது அபிகெயிலுக்கு விஷயம் தெளிவாகத் தெரிந்தது. "இறங்குறப்ப தலை இடது பக்கம் திரும்புது. கூடவே தோளும் திரும்புது, ஒரு கால் முந்திக்குது. அதான் விழுறா. அங்க என்னதான் இருக்கு?"

அபிகெயிலும் லோஷினியும் இடப்பக்கம் பார்த்தார்கள். ஓட்டைப் பனியனோடு மணியம் இன்னும் கையை நீட்டிக்கொண்டிருந்தார்.

"அப்பா பிடிப்பாரான்னு பார்ப்பேன்," என்றாள் லோஷினி.

"பிடிக்கத்தானே நிக்கிறேன்!"

"ஒரு தடவைகூட பிடிச்சதில்லையேப்பா."

மணியம் கையை இறக்கினார்.

சனிக்கிழமை மெத்தைப் பக்கமே அவர் போகவில்லை. லோஷினி இறங்கும் திசைக்கு நேர் எதிரே, கடைசி வரிசையில், அபிகெயில் காட்டிய நாற்காலியில் உட்கார்ந்தார். "நேரா பார்க்க ஒரு அடையாளம் வேணும்" என்று அவளே வெஸ்ட்டைப் போடச் சொல்லியிருந்தாள். கை தானாக நீண்டுவிடுமோ என்று பயந்து, இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டார்.

லோஷினி ஓடிவந்தாள், சுற்றினாள், மஞ்சளைப் பார்த்தபடியே இறங்கினாள். நின்றாள். தேர்வானவர்கள் பட்டியலில் அவள் பெயர் ஏறியபோது மண்டபமே கைதட்டியது. மணியத்தால்தான் முடியவில்லை. இரண்டு கையும் மரத்துப்போயிருந்தன.