தொண்ணூற்றைந்து கிலோ வரை

பார்சல் தராசின் மேல் மோட்டாரை ஏற்றிவிட்டு அவள் கையை எடுத்தாள். இருபத்தொன்பது. ஹெல்மெட், பூட்ஸ், எரிபொருள், இறக்கை எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டு. தம்பி எண்பத்துநான்கு.

கடை பூட்டியிருந்தது. கூரியர் கடையில் பதினோரு வருடமாக எடை போடுகிறவள் என்பதால் சாவி அவளிடமே இருந்தது. நாலு மணிக்குத் தம்பியின் அடக்கம். வீட்டில் அவளைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

இறக்கையின் நடுத் தையலில் சின்னதாக ஒரு லேபிள் இருந்தது. அனுபவசாலிகளுக்கு மட்டும். பறப்பவரும் சாமான்களும் சேர்ந்து தொண்ணூற்றைந்து கிலோ வரை. அவள் கூட்டியதில் வந்தது நூற்றிருபத்தைந்து. மறுபடி கூட்டினாள். மாறவில்லை.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். முதுகில் மோட்டாரைக் கட்டிக்கொண்டு துணி இறக்கையில் பறக்கிற பாராமோட்டர் பைத்தியம் அவனைப் பிடித்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. எந்த இறக்கை வாங்குவது என்று சாப்பாட்டு மேசையில் காகிதங்களைப் பரப்பி ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டான். பெரிய இறக்கை மெதுவாகப் போகும், நாம் தப்பு செய்தாலும் பொறுத்துக்கொள்ளும், சின்னது சட்டென்று திரும்பிவிடும், புதுசாகக் கற்கிறவனுக்கு ஆகாது என்று அவளுக்கே பாடம் நடத்தினான். கடைசியில் ஒரு பெரிய நீல இறக்கையைத் தேர்ந்தெடுத்தான். ஆனால் வீட்டுக்கு வந்தது இந்தச் சிவப்பு இறக்கை. பறக்கக் கற்றுக்கொடுத்த கேப்டன் தன் பழையதை அவன் தலையில் கட்டியிருந்தார்.

கேப்டன் எந்தப் படையிலும் இருந்தவர் இல்லை. பயிற்சி மைதானத்தில் எல்லோரும் அப்படிக் கூப்பிட்டார்கள், அவ்வளவுதான்.

தம்பியின் போன் திரை விரிசல் விட்டிருந்தாலும் வேலை செய்தது. கேப்டன் அனுப்பிய குரல் செய்தியைக் கடையிலேயே நின்று கேட்டாள். பிறகு மூட்டைகளைக் காரில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

ஹாலில் பெட்டி. பெட்டியின் அருகே அம்மா கேப்டனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டிருந்தாள். தான் எவ்வளவோ சொல்லியும் பையன் தாழ்வாகத் திரும்பி விழுந்துவிட்டான், அவசரக்காரன், தன் சொந்த மகனைப் பறிகொடுத்த மாதிரி இருக்கிறது என்று கேப்டன் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். அடக்கத்தின்போது தானும் மாணவர்கள் நாலு பேரும் மேலே பறந்து பூத்தூவப் போவதாகவும் சொன்னார். அம்மா அவர் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அவளைப் பார்த்ததும் கேப்டன் எழுந்து வந்தார்.

"அந்த விங்கை நான் எடுத்துட்டுப் போயிடறேன்மா. வீட்ல இருந்தா பாக்கப் பாக்க உங்களுக்குத்தான் கஷ்டம்."

"தர்றேன். பின்னாடி வாங்க" என்றாள். அவர் அம்மாவிடம் சொல்லிக்கொண்டு வருவதற்குள் அவள் முன்னால் போய்விட்டாள்.

பின்புறப் புல்வெளியில் மாணவர்கள் மோட்டார்களுக்கு எரிபொருள் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். கேப்டனின் மூட்டை வேலியோரம் தனியாகக் கிடந்தது. வாய் திறந்திருந்தது. இறக்கையின் கயிறுகள் நூல் போலத் தெரிந்தன. பார்சல் அறுக்கும் கத்தி அவள் பையில் எப்போதும் இருக்கும். குனிந்து ஒரு கொத்துக் கயிற்றைக் கையில் எடுத்தாள். யாரும் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. கத்தியின் முனையை வெளியே தள்ளினாள்.

இவர் விழுந்தால் இவருக்கும் பெட்டி வரும், பூ வரும். மைதானத்துக்கு இவர் பெயரையே வைப்பார்கள். அம்மாவும் போய் அழுவாள்.

வேண்டாம். இவர் ரொம்ப நாள் இருக்கணும்.

கத்தியின் முனையை உள்ளே இழுத்துப் பைக்குள் போட்டாள். காரிலிருந்து சிவப்பு இறக்கையை இழுத்து வந்து புல்லில் விரித்தாள். மாணவர்களைக் கூப்பிட்டு லேபிளைப் படிக்கச் சொன்னாள். தராசில் வந்த கணக்கையும் சொன்னாள். கேப்டன் படியிறங்கி வந்து சேர்ந்தபோது போனை உயர்த்திப் பிடித்து அவர் செய்தியைப் போட்டாள்.

"நீ பாத்து வச்சிருக்கியே, அது மாட்டுவண்டிடா. என் பழசையே எடுத்துக்கோ. எடைக் கணக்கெல்லாம் பயந்தாங்கொள்ளிங்களுக்கு. என்னை நம்பு."

செய்தி ஒரு சிரிப்போடு முடிந்தது. அவள் நிறுத்தினாள்.

கேப்டன் சுற்றிலும் பார்த்தார். "இந்த நேரத்துல இதெல்லாம் வேணாம்மா."

"சரியா கேக்கலையோ?" என்று கேட்டு மறுபடி போட்டாள்.

மாணவர்களில் ஒருத்தி, பேக்கரி வைத்திருப்பவள், தன் இறக்கையை மூட்டையிலிருந்து உருவினாள். நடுத் தையலைத் தேடிப் பிடித்துப் படித்தாள். பிறகு அதைச் சுருட்டி மூட்டைக்குள் திணித்து ஜிப்பை இழுத்தாள். மற்றவர்களும் குனிந்தார்கள். ஒன்றன்பின் ஒன்றாக ஜிப்புகளின் சத்தம் கேட்டது.

"உங்க நல்லதுக்குத்தான் நான்..." என்று கேப்டன் ஆரம்பித்தார். யாரும் நிமிரவில்லை. அவர் கழுத்து சிவந்து வருவதை அவள் ரசித்துப் பார்த்தாள். போதவில்லை. மூன்றாம் முறை போட்டாள். பார்வையை அவர் முகத்திலிருந்து எடுக்காததால் நிறுத்த மறந்துபோனாள். போன் தானாக அடுத்த செய்திக்குத் தாவியது.

"சரி கேப்டன். நீங்க சொன்னா சரிதான். ஞாயித்துக்கிழமை எங்க அக்காவையும் கூட்டிட்டு வர்றேன். நான் பறக்கறத அது பாத்ததே இல்ல."

பின்கதவு திறந்தது. அம்மா நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அவன் பேசினானே."

பேக்கரிக்காரி மூட்டையைத் தூக்கித் தோளில் மாட்டினாள். அம்மா மெல்ல இறங்கிக் கடைசிப் படியில் உட்கார்ந்து கையை நீட்டினாள்.

"இன்னொரு தடவை போடு."

அவள் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். கேப்டனின் செய்தியை விரலால் மேலே தள்ளிவிட்டு, அதற்கு அடுத்ததை மட்டும் போட்டாள். அம்மா போனைக் காதோடு வைத்துக்கொண்டாள். விரித்த சிவப்புத் துணியின் மறுபக்கத்தில் கேப்டன் நின்றுகொண்டிருந்தார். அவரைப் போகச் சொல்லவும் ஆளில்லை.