பெயருக்கான கட்டம்

“மத்தியானம் வரைக்கும் மட்டும் டைம் குடு. அதுக்கு மேல கேக்கல.”

“அதுக்குள்ள சுட்டவன் ஊரை விட்டே ஓடிருவான்.”

“ஓடட்டுமே. உனக்கு நல்லதுதான்.”

“பேசுறதுக்குச் சம்பளம் குடுக்குறாங்க, நீ பேசுற. உள்ள கிடக்குறது என் தம்பி, கார்டெல் அண்ணே!”

சிகாகோவின் மேற்குப் பகுதி மருத்துவமனை வாசலில் அப்போதுதான் வானம் வெளுக்கத் தொடங்கியிருந்தது. கார்டெல் அங்கே பனியில் நிற்க ஆரம்பித்து இரண்டு மணி நேரம். பூட்சுக்குள் விரல்கள் மரத்துவிட்டன. எதிரே நின்ற டேவியனின் வலது கை கோட்டுப் பையை விட்டு வெளியே வரவேயில்லை. உள்ளே அவன் தம்பியின் தொடையிலிருந்து குண்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

துப்பாக்கிச் சூடு அம்மை மாதிரிப் பரவும். பழிவாங்கக் கிளம்புகிறவர்களைப் பேசித் தடுக்கும் கார்டெலின் வேலைக்கு அதுதான் அடிப்படை. அடிபட்டவனின் அண்ணனுக்கு முதலில் தொற்றும். அவனிடமிருந்து எதிராளியின் கூட்டாளிகளுக்கு. முதல் ஆளிடமே தடுத்துவிட்டால் தெரு பிழைக்கும். ஆனால் தடுக்கிறவன் அந்த நோயில் கிடந்து எழுந்தவனாக இருக்க வேண்டும். வேறு யார் பேச்சும் காதில் ஏறாது. கார்டெல் ஒருவனைச் சுட்டுவிட்டுப் பதினேழு வருஷம் சிறையில் இருந்தவர்.

“எங்கம்மாவைப் புதைக்கக்கூட ஜெயில்லேர்ந்து என்னை விடலடா,” என்றார் கார்டெல்.

டேவியன் பனியில் துப்பினான். “பன்னெண்டு மணிக்கு நீ என் வீட்டு வாசல்ல இல்லேன்னா நான் கிளம்பிருவேன்.”

ஒன்பது மணிக்கு அலுவலகத்தில், கார்டெலும் அவரோடு அதே வேலை பார்ப்பவர்களுமாக எட்டுப் பேர் முன்னாலும் புதிய படிவம் இருந்தது. யாரிடம் பேசினோம் என்று எழுத, பெயருக்கு ஒரு கட்டம்.

“நோய்னு நீங்கதானே சொல்றீங்க? நோயாளி பேர் இல்லாம வைத்தியமா?” என்றார் நிர்வாகி ஹாலோவே.

“எந்த வைத்தியர் சார் அந்தப் பேரைப் போலீசுக்கு அனுப்புறார்?” என்றாள் ரெனிட்டா.

“பணம் தர்றவங்க ஆதாரம் கேக்குறாங்க. நேத்து ராத்திரி வரைக்கும் மூணு மாசமா உங்க தெருவுல துப்பாக்கிச் சூடு ஒண்ணுமே நடக்கல. அப்ப என்னதான் வேலை பார்த்தீங்க?”

“ஒண்ணுமே நடக்கல இல்ல? அதான் சார் நாங்க பார்த்த வேலை!”

ஹாலோவே சிரிக்கவில்லை. “எழுத முடியாதவங்க வேலைக்குக் குடுத்த ஜாக்கெட்டைக் கழட்டி வெச்சுட்டுப் போகலாம்.”

கார்டெல் பேனாவை எடுத்தார். நவம்பரிலும் இப்படித்தான், மேலிடம் கேட்டதே என்று ஓர் அறிக்கையில் ஒரு பெயரை எழுதினார். பெயர் எப்படியோ வெளியே போனது. மூன்றாம் நாள் அந்தப் பையனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. காட்டிக்கொடுத்தது கார்டெலோடு வேலை பார்க்கும் லான்ஸோ என்று நினைத்த தெரு, லான்ஸோவின் தாடையை உடைத்தது. கம்பி கட்டிய தாடையோடு அவர் இதோ பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். இன்னும் கஞ்சிதான், அதுவும் உறிஞ்சுகுழாயில்.

கார்டெல் பேனாவைக் கீழே வைத்தார். “லான்ஸோ, அந்தப் பேரை எழுதினது நான்தான்.”



“தெரியும்,” என்றார் லான்ஸோ, பற்களுக்கிடையே. “அந்த அறிக்கையைப் பார்த்தேன், கோழி கிளறுன மாதிரி எழுத்து. வேற யாருக்கு வரும்?” எழுந்து தன் ஆரஞ்சு ஜாக்கெட்டைக் கழற்றி மேசைமேல் போட்டார். அடுத்தது ரெனிட்டா. கடைசியில் எட்டு ஜாக்கெட்டுகள் மேசையில் கிடந்தன. எட்டுப் படிவங்களிலும் கட்டம் காலியாகவே இருந்தது.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருந்தபோது டேவியன் சன்னல் திரையை விலக்கினான். படியில் எட்டுப் பேர் வெறும் சட்டையில் நடுங்கிக்கொண்டு நின்றார்கள்.

“ஜாக்கெட் எங்க?”

“கழட்டி வெச்சுட்டு வந்துட்டோம். இனிமே எங்களுக்குச் சம்பளமும் கிடையாது.”

“அப்புறம் எதுக்கு வந்தே?”

 லான்ஸோவின் தோள் கார்டெலின் தோளை ஒட்டியிருந்தது.

“குளிருதுடா தம்பி. கோட்டுப் பையில இருக்கறதை எடுத்து வெச்சுட்டுக் கதவைத் திற.”