இரண்டாம் கேள்வி எழவில்லை

சட்டமன்றம் இருக்கிற கோட்டைக்குள் நுழைந்ததிலிருந்து இசபெல்லா தலையை நிமிர்த்தவே இல்லை. காலையில் விடுதியில் வாங்கிக் கொடுத்த இட்லியில் பாதியைக்கூட விழுங்க முடியவில்லை. பட்டணத்துக்குப் புதுசு, அதுதான் பயப்படுகிறாள் என்று கிரேசியம்மா முடிவு கட்டிவிட்டாள். கிரேசியம்மா எம்.எல்.ஏ. எபனேசரின் மனைவி, நாசரேத்துப் பக்கத்து டீச்சர். யார் முகம் வாடினாலும் அதற்கு ஒரு காரணத்தை அவளே கண்டுபிடித்து, ஆறுதலும் சொல்லி, அந்த வேலையை முடித்துவிடுவாள்.

“ஏளா, இதுக்குப் போயி நடுங்கலாமா? மாடத்துல சும்மா உக்காந்திருக்கணும், அம்புட்டுத்தான். வாயத் தொறக்கக் கூடாது.”

வாயைத் திறக்கக் கூடாது என்ற சொல்லே இசபெல்லாவுக்குக் கொஞ்சம் தெம்பு தந்தது. அவள் பயமெல்லாம் வாயைத் திறக்கச் சொல்லிவிடுவார்களோ என்பதுதான்.

அன்றைக்குச் சட்டமன்றத்தில் கேள்வி நேரம். அதில் அவள் புருஷன் வில்பிரட்டின் சாவைப் பற்றி ஒரு கேள்வி வரப்போகிறது.

வில்பிரட் சங்கு குளிக்கிறவன். தூத்துக்குடியில் சங்கு குளிப்பை நடத்துவது அரசாங்கம். படகுகளுக்கு நாள் குறிப்பதும் எடுத்த சங்கை வாங்கிக்கொள்வதும் மீன்துறைதான். முன்பெல்லாம் குளிப்பு நடக்கிற இடத்தில் துறையின் மோட்டார் படகு ஒன்று நங்கூரம் போட்டு நிற்கும். அதில் ஒரு கம்பவுண்டர் இருப்பார், ஆக்சிஜன் சிலிண்டரும் இருக்கும். சிக்கனம் என்று சொல்லி அந்தப் படகை நிறுத்திவிட்டார்கள். கடலுக்குள் முங்குகிறவனுக்கு இருக்கிறதே மூச்சு ஒன்றுதான். அதில் போய்ச் சிக்கனம் பிடிக்கலாம் என்று கண்டுபிடித்த மகராசன் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தானோ தெரியாது.

முங்குகிறவனின் கயிற்றைப் படகில் பிடித்துக்கொண்டிருப்பவன் பெண்டாட்டியின் கூடப்பிறந்தவனாக இருக்கவேண்டும் என்பது அந்தக் கரையின் வழக்கம். அக்காள் தாலியை இழக்க எந்தத் தம்பியும் விடமாட்டான் என்கிற நம்பிக்கை. வில்பிரட்டின் கயிறு இசபெல்லாவின் தம்பி இனிகோ கையில்தான் இருந்தது. அவன் ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. கயிறு அசைந்ததும் இழுத்துவிட்டான். மேலே வந்த வில்பிரட்டின் வாயிலும் மூக்கிலும் நுரை. படகில் கிடத்தி நெஞ்சை அமுக்கி, பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கத்தி, என்னவெல்லாமோ செய்து பார்த்தார்கள். கரை கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

வீட்டுக்குத் தூக்கி வந்து கிடத்தியபோது இனிகோ அவள் காதில், “அக்கா, அத்தான் படகுலயே போயிட்டாவ” என்றான். அவளுக்கே தெரிந்தது. கையைத் தொட்டால் கடல் மாதிரிக் குளிர்ந்து கிடந்தது.

அப்போது மாமியார் அல்போன்சா குசினியிலிருந்து ஓடிவந்தாள். வந்தவள் மகனைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, “சாமியாரக் கூப்பிட்டியளா?” என்பதுதான்.

கடற்கரைக் கத்தோலிக்கர்களுக்குச் சாவைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. அவஸ்தைப் பூசுதல் இல்லாமல் சாவது. சாமியார் வந்து நெற்றியிலும் கையிலும் எண்ணெய் பூசி மன்னிப்புச் சொல்லி அனுப்பிவைக்க வேண்டும். அதை உயிர் இருக்கும்போதுதான் பூசுவார்கள். அல்போன்சாவின் புருஷனும் கடலில் போனவர்தான். எண்ணெய் இல்லாமல் போனாரே, எங்கே கிடந்து தவிக்கிறாரோ என்று கல்லறைத் திருநாளுக்குத் திருநாள் அவள் மண்ணில் புரண்டு அழுவதை இசபெல்லா கல்யாணமான நாளிலிருந்து பார்த்து வருகிறாள். இப்போது மகனுக்கும் அதே கதி என்றால் அந்தக் கிழவி தாங்கமாட்டாள்.

இசபெல்லா கோயிலுக்கு ஓடினாள். “சாமி, மூச்சு இருக்கு, ஓடியாங்க!” என்று கத்தினாள். சாமியார் ஓடிவந்து பூசினார். அல்போன்சா மார்பில் அடித்துக்கொண்டே, “எம் மவன் எண்ணெ வாங்கிட்டுப் போயிட்டான், மாதாவே” என்று நன்றி சொன்னாள். அன்றிலிருந்து அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவள் சாப்பிடுகிறாள், தூங்குகிறாள்.

படகுக்காரர்கள் அத்தனை பேருக்கும் உண்மை தெரியும். ஒருத்தரும் மூச்சு விடவில்லை. செத்தவனுடைய மோட்சத்தில் கை வைக்க யாருக்கு மனசு வரும்? துறைக்காரர்கள் வந்து விசாரித்தபோதும், “வீட்டுக்கு வந்துதான் உயிரு போச்சு” என்று ஒரே குரலில் சொன்னார்கள். துறைக்காரர்களுக்கும் அது வசதியாக இருந்தது.

எபனேசர் துக்கம் கேட்க வந்தார். நல்ல மனுஷர், ஆனால் இந்த எண்ணெய் விவகாரமெல்லாம் அவருடைய புராட்டஸ்டண்ட் சபையில் கிடையாது, ஆகையால் கடலில் போன உயிரை வீட்டில் போனதாகச் சொல்ல ஒரு காரணம் இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அவர் கண்ணில் பட்டது வேறு. வாசலில் இனிகோ, கடலடிக்கு இறங்க உதவும் முங்குகல்லைக் கயிற்றில் கட்டிக்கொண்டிருந்தான். வீட்டில் முங்குவதற்கு வேறு ஆள் இல்லை, இனி அவன்தான். கல்யாணமாகாதவனுக்கு மச்சினன் ஏது? கயிற்றைப் பிடிக்கப் பக்கத்து வீட்டுக்காரன் ஒருவனைச் சொல்லி வைத்திருந்தான். எபனேசர் சென்னைக்குப் போனதும் கேள்வி எழுதிக் கொடுத்துவிட்டார். (அ) இந்தப் பருவத்தில் தூத்துக்குடிக் கடலில் சங்கு குளிக்கையில் எவரேனும் இறந்தனரா? (ஆ) ஆம் எனில், மருத்துவ உதவிப் படகை மீண்டும் அனுப்ப அரசு ஆவன செய்யுமா?

கேள்வி முடிந்ததும் அமைச்சரிடம் நேரில் மனுக் கொடுக்கலாம் என்று இசபெல்லாவையும் ரயிலேற்றிக் கூட்டி வந்துவிட்டார். வரமாட்டேன் என்று சொல்ல அவளுக்கு ஒரு சாக்கும் கிடைக்கவில்லை.

இப்போது அவர் தாழ்வாரத்தில் வேக வேகமாக வந்தார். கையில் அச்சடித்த பதில். முகம் சரியில்லை.

“தங்கச்சி, ஒரு நிமிஷம். மந்திரி என்ன சொல்லப் போறாருன்னு பாத்துட்டேன். வில்பிரட் வீட்டுல சீக்குல செத்தானாம். அப்படின்னா ‘அ’வுக்கு இல்லைன்னு பதிலு. ‘அ’ இல்லைன்னா ‘ஆ’ எழவே இல்லைன்னு முடிச்சிருவாவ. படகப் பத்திப் பேச்சே வராது.”

அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

“துணைக் கேள்வி கேக்க எனக்கு வாய்ப்பு உண்டு. ஆனா ஆதாரமில்லாம அவையில ஒண்ணச் சொல்லிட்டா எம் மேலேயே உரிமைப் பிரச்சினை கொண்டு வருவாவ. நீங்க அவன் சம்சாரம். கடலுல செத்தானா, வீட்டுல செத்தானா? ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்.”

உண்மை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அல்போன்சாவின் முகமும் கூடவே வந்தது. சாமியாரிடம் பொய் சொல்லி, பிணத்துக்கு எண்ணெய் பூச வைத்தவள் என்று ஊர் சொல்லும். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். எம் மவன் எண்ணெய் வாங்கவில்லையா என்று அந்தக் கிழவி கேட்டால் என்ன பதில் சொல்வது?

“எனக்கு ஒண்ணும் தெரியாது அண்ணாச்சி” என்றாள்.

மணி அடித்தது. எபனேசர் உள்ளே போனார்.

பார்வையாளர் மாடத்தில் முன் வரிசையில் இடம் கிடைத்தது. கீழே வரிசை வரிசையாக வெள்ளை வேட்டிகள். ஒருவர் காது குடைந்துகொண்டிருந்தார். ஒருவர் பக்கத்து ஆளிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். இவர்களா இனிகோவின் உயிரைப் பற்றி முடிவு செய்யப் போகிறார்கள் என்று அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். இந்நேரம் அவன் கடலில் இருப்பான். பங்குனிக் காற்று மாறுகிற சமயம். அடியில் ஓடும் நீர்வாடு ஆளை இழுக்கும். கயிறு பிடிக்கிற பக்கத்து வீட்டுக்காரனுக்கோ நல்ல நாளிலேயே கவனம் போதாது.

சபாநாயகர் கூப்பிட, எபனேசர் எழுந்து கேள்வியின் எண்ணை மட்டும் சொன்னார். அமைச்சர் தாளைப் பார்த்து வாசித்தார்.

“(அ) இல்லை. குறிப்பிடப்பட்ட நபர் தமது இல்லத்தில் உடல்நலக் குறைவால் காலமானார். (ஆ) எழவில்லை.”

அவ்வளவுதான். வில்பிரட்டின் சாவு ஒரு தும்மல் நேரத்தில் முடிந்துவிட்டது.

எபனேசர் துணைக் கேள்விக்கு எழுந்தார். நிமிர்ந்து மாடத்தைப் பார்த்தார். இசபெல்லா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். அவர் குரலில் பிடிமானம் இல்லை. “அந்த நபர் நல்ல திடகாத்திரமானவர். காலையில் சங்கு குளிக்கப் போனவர் மாலையில் இறந்திருக்கிறார். கடலில் ஏற்பட்ட பாதிப்பால்தான் இறந்தாரா என்று அரசு விசாரித்ததா?”

அமைச்சர் இதற்கும் தயாராக வந்திருந்தார். “விசாரித்தோம். அவருக்குப் பங்குக் குருவானவரே இல்லத்துக்கு வந்து கடைசிச் சடங்கு செய்திருக்கிறார். உயிரோடு இருப்பவருக்கு மட்டுமே செய்யப்படும் சடங்கு அது என்று அறிகிறேன். குருவானவரை அழைத்து வந்தவரே அவருடைய மனைவிதான். மனைவிக்குத் தெரியாதது மாண்புமிகு உறுப்பினருக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்கு விளங்கவில்லை.”

பின்வரிசையிலிருந்து யாரோ, “செத்தவரே வந்து சொன்னால்தான் நம்புவார் போல!” என்றார். அவை சிரித்தது. காது குடைந்தவரும் குடைவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

எபனேசர் உட்கார்ந்துவிட்டார்.

“அடுத்த கேள்வி” என்றார் சபாநாயகர்.

அவள் எப்போது எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது. கிரேசியம்மா முந்தானையைப் பிடித்து இழுத்தது மட்டும் தெரிந்தது.

“அவிய வீட்டுல சாவல! கடலுலதான் செத்தாவ! நாந்தான் பொய் சொன்னேன்! என் தம்பி இப்பம் கடலுல கெடக்கான், அவனையும் கொன்னுராதிய!”

அவை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. இரண்டு காவலர்கள் பாய்ந்து வந்தார்கள். சபாநாயகர் மேசையைத் தட்டி, “மாடத்திலிருந்து வந்த எதுவும் அவைக்குறிப்பில் ஏறாது” என்றார். படியில் இறங்கும்போது இசபெல்லாவின் காதில் கடைசியாக விழுந்தது அதுதான். இத்தனையும் சொல்லி, சொன்னது ஏறவில்லையா?

அவளை ஒரு சின்ன அறையில் உட்கார வைத்தார்கள். காவலுக்கு நின்ற ஆறுமுகத்தாய் கோவில்பட்டிப் பக்கத்துக்காரி. கதவைச் சாத்தியதும் குரலைத் தாழ்த்தி, “என்ன காரியம் பண்ணிட்ட ஏளா? செயிலுல போட்டாலும் போட்டுருவாவ” என்று தண்ணீர் கொடுத்தாள். இசபெல்லா ஒரே மடக்கில் குடித்தாள். சுவரில் ஒரு ஒலிபெருக்கிப் பெட்டி. அவையில் பேசுவது அதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

அவைக் காவலர்களின் தலைவர் வந்தார். தொப்பியைக் கழற்றாமலே பேசினார்.

“இது பெரிய குற்றம்மா. சபாநாயகர் இரக்கப்பட்டவர். சொன்னது தப்பு, மன்னிச்சிடுங்கன்னு சொல்லிட்டா எச்சரிக்கை பண்ணி விட்டுடலாம்.”

“சத்தம் போட்டது தப்புத்தான் சார். அதுக்கு மன்னிப்புக் கேக்கேன்.”

“சொன்னதுக்கு?”

“சொன்னதுக்குக் கேக்க மாட்டேன்.”

“ஏம்மா, ரெண்டும் ஒண்ணுதானே?”

“இல்ல சார். நான் என்னத்தச் சொன்னேன்னு சபாநாயகர்கிட்ட சொல்லுங்க. அதைச் சத்தம் போட்டுச் சொன்னதுக்கு மன்னிப்புக் கேட்டாள்னு சொல்லுங்க.”

அவர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போனார்.

கேள்வி நேரம் முடிந்தது. பெட்டியில் சபாநாயகரின் குரல் வந்தது. குற்றம் செய்தவரை அவை மன்னிக்க வேண்டுமானால் என்ன குற்றம் என்று அவைக்குச் சொல்லியாக வேண்டும், அது அங்கே முறை. அவர் முறை தவறாதவர். தூத்துக்குடியைச் சேர்ந்த இசபெல்லா என்ற பெண்மணி, தம் கணவர் இல்லத்தில் இறக்கவில்லை, சங்கு குளிக்கையில் கடலிலேயே இறந்தார் என்றும், தாம் முன்பு சொன்னது பொய் என்றும் மாடத்திலிருந்து கூச்சலிட்டார். கூச்சலிட்டதற்கு மட்டும் வருத்தம் தெரிவித்துள்ளார். எச்சரித்து விடுவிக்க அவையின் இசைவைக் கோருகிறேன் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

அடுத்த கணம் எபனேசரின் குரல். இந்த முறை அதில் பிடிமானம் இருந்தது. “தலைவர் அவர்களே, தாங்கள் இப்போது சொன்னது அவைக்குறிப்பில் இருக்கிறது. ‘அ’வுக்கு ஆம் என்று மனைவியே சொல்லிவிட்டார். இப்போதாவது ‘ஆ’ எழுகிறதா என்று அமைச்சரைக் கேட்டுச் சொல்லுங்கள்.”

பெட்டியில் மேசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது. அமைச்சர் தொண்டையைச் செருமினார். மறு விசாரணைக்கு உத்தரவிடுவதாகச் சொன்னார். விசாரணை முடியும்வரை சங்கு குளிகாரன் மூச்சை அடக்கிக்கொண்டிருப்பானா என்று எபனேசர் விடாமல் பிடித்தார். கொஞ்ச நேரம் சலசலப்பு. அதுவரைக்கும் குளிப்பு நடக்கிற இடத்தில் மருத்துவப் படகு நிற்கும் என்று அமைச்சர் சொன்னது அவள் காதில் நன்றாகவே விழுந்தது.

இசபெல்லா சிலுவை போட்டுக்கொண்டாள். இனிகோவுக்குப் படகு வந்துவிட்டது. அதை நினைத்துச் சந்தோஷப்படுவதற்குள் அல்போன்சாவின் முகம் கண்முன் வந்தது.

எபனேசர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். “தங்கச்சி, சாதிச்சிட்டிய!”

“அண்ணாச்சி, இது பேப்பருல வருமா?”

“நாளைக்குக் காலையில எல்லாப் பேப்பருலயும் வரும். சாயங்காலம் ரேடியோவுலயே மாநிலச் செய்தியில சொல்லிருவான்.”

அவள் எழுந்துவிட்டாள். அடுத்த வீட்டு ரேடியோ அலறுகிற சத்தம் அல்போன்சாவின் குசினி வரைக்கும் கேட்கும். ரயில் போய்ச் சேர மறுநாள் ஆகிவிடும்.

“ஊருக்கு இங்கன இருந்து போன் போடலாமா? கோயிலுல போன் இருக்கு.”

அவசர டிரங்கால் போட்டார் எபனேசர். காத்திருந்தார்கள். இரைச்சலுக்கு நடுவே சாமியாரின் குரல் வந்தது. “யாரு, இசபெல்லாவா? மெட்ராஸ்ல இருந்தா? என்னம்மா, சத்தமா பேசு, ஒண்ணும் கேக்கல!”

சத்தமாகத்தான் சொல்ல வேண்டும் போலிருந்தது. எபனேசரும் கிரேசியம்மாவும் ஆறுமுகத்தாயும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“சாமி, அன்னைக்கு நான் ஓடியாங்கன்னு கூப்பிட்டேன்லா, அப்பவே அவியளுக்கு மூச்சு இல்ல சாமி. எங்க மாமிகிட்ட போங்க. ரேடியோவுல சொல்லுததுக்கு முன்ன நீங்க போயி மாமி கையப் பிடிச்சிக்கிடுங்க. எண்ணெ வாங்காமத்தான் போனாவன்னு சொல்லுங்க, சாமி.”