முதல் துண்டு

1

இந்தக் கதை என்னுடையது அல்ல. அண்ணி பேச்சுவாக்கில் சொன்ன ஒரு வரி.

"இத்தனை வருஷத்துல உங்க அண்ணன் எனக்கு எடுத்து வெச்சுட்டு அப்புறமா சாப்பிட்டது ஒரே ஒரு நாள்தான், தம்பி. படகுல."

சொல்லும்போது அவர் முகத்தில் வெட்கம் தெரிந்தது. காதல் கதை ஒன்று தானாக மடியில் வந்து விழுந்துவிட்டதென்று நானும் குதித்தேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘பச்சைக் கடலின் மடியில் பாய்மரப் படகு ஒரு குழந்தையைப் போல…’ [வேண்டாம். எனக்குப் படகைக் கரையிலிருந்து பார்த்தாலே குமட்டும்.]

அடுத்தது: ‘தூண்டில் கயிறு விர்ரென்று ஓடியது.’ இது பரவாயில்லை. இங்கிருந்தே போவோம்.

ஓடிய கயிற்றை அண்ணிதான் இழுத்தார். அண்ணன் பல் டாக்டர். ஊரார் வாயைப் பார்த்தது போதும் என்று ஓய்வு பெற்று, சின்னப் பாய்மரப் படகொன்றை வாங்கி, அண்ணியையும் ஏற்றிக்கொண்டு வெப்பக் கடல்களில் தீவு தீவாகச் சுற்றினார். அன்று காற்று சுத்தமாக நின்றுபோய், ஒரு பவளப்பாறை ஓரம் நங்கூரம் போட்டுக் கிடந்தார்கள். டப்பா உணவாகத் தின்று அண்ணிக்கு நாக்கு செத்திருந்தது. மேலே வந்ததோ இரண்டு கைக்கும் அடங்காத களவா மீன். செதிளைச் சுரண்டி, குடலை எடுத்து, கடல் தண்ணீரிலேயே அலசி, உப்பும் மிளகாய்த்தூளும் தடவி எண்ணெயில் போட்டார். படகோடு அடுப்பும் ஆடியதால் வாணலியை ஒரு கையால் பிடித்துக்கொண்டே வறுக்க வேண்டியிருந்தது.

3

வழக்கமாக முதல் துண்டு அண்ணன் தட்டுக்குத்தான் போகும். அன்று அவர் கரண்டியை வாங்கிக்கொண்டார்.

"நீ முதல்ல சாப்பிடு."

"என்னங்க அதிசயம்! நீங்க உக்காருங்க, நான்…"

"ஆறிடப் போகுது. சாப்பிடு."

அண்ணி சாப்பிட்டார். அண்ணன் எதிரே உட்கார்ந்து, அவர் மெல்லுவதையே பார்த்தார்.

"எப்படி இருக்கு?"

"அமிர்தம்!"

"உதடு மரத்துப் போற மாதிரி ஏதாவது?"

அண்ணிக்குச் சிரிப்பு வந்தது. ஊசி போட்டுவிட்டு நோயாளியிடம் கேட்கிற கேள்வி. ஓய்வு பெற்றும் மனுஷனுக்குப் பழக்கம் விடவில்லையே என்று நினைத்துக்கொண்டார்.

4

(அடிக்குறிப்பாக வந்திருக்க வேண்டியது, இடம் பிடித்து உட்கார்ந்துவிட்டது.) இதுவரை எழுதியதை அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். தலையைச் சொறிந்தார். பவளப்பாறை ஓரத்துப் பெரிய மீன்களில் சில சமயம் விஷம் இருக்குமாம். பார்த்தாலும் முகர்ந்தாலும் தெரியாது, வறுத்தாலும் போகாது. ஏறினால் உதடு மரக்கும். முந்தைய துறைமுகத்தில் ஒரு மீன்காரர் சொன்னாராம்.

"அதனாலதான் அண்ணிக்கு முதல்ல வெச்சீங்களா?"

"சேச்சே! சும்மா ஒரு… அவளுக்கு ஒண்ணும் தெரியாது. நீ எதையாவது உளறி வைக்காதே."

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவரும் சாப்பிட்டாராம். அந்த விஷம் வேலையைக் காட்ட மணிக்கணக்கில் ஆகலாம் என்பதைக் காதில் வாங்கவில்லை. சோதனையிலும் சொதப்பல். இருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. என் காதல் கதைதான் கவிழ்ந்தது.

5

இருக்கிற முடிவுகள்:

அண்ணிக்கு உண்மை தெரிகிறது. வாணலி கடலுக்குள் போகிறது, பின்னாலேயே அண்ணனும். [ஆசைதான். கூடப் பிறந்தவராகப் போய்விட்டார்.]

அண்ணிக்கு உண்மை தெரியவே இல்லை. கடைசிவரை அந்த ஒரு நாளை… [அப்படியானால் இதை அச்சில் போட முடியாது. நான் எழுதுவதையெல்லாம் படிக்கிற ஒரே ஆள் அவர்தான்.]

அவரிடம் இருக்கிற ஒரே நாளைப் பிடுங்கித்தான் எனக்கு ஒரு கதை வேண்டுமா? மனசு கேட்கவில்லை. கிழித்துப் போடலாமென்று தேடினால், முதல் மூன்று பகுதிகளையும் அண்ணன் வீட்டு சோபாவிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். ஓடினேன்.

6

அண்ணி படித்து முடித்திருந்தார்.

"எல்லாம் சரி, தம்பி. உதடு மரக்குதான்னு கேட்டப்போ, டாக்டர் பழக்கம்னு நான் நினைச்சதா எழுதியிருக்கியே, அது தப்பு. துறைமுகத்துல மீன்காரர் அந்த விஷத்தைப் பத்திச் சொன்னப்போ நானும் பக்கத்துலதானே நின்னேன்?"

"தெரிஞ்சேவா சாப்பிட்டீங்க?"

"முதல் தடவையா எடுத்து வைக்கிறார். வேணாம்னு எப்படிச் சொல்றது?"

"அவர் உங்களை வெச்சு சோதிச்சுப் பார்த்திருக்கார், அண்ணி!"

"அது தெரியாதா எனக்கு? ஆனா கண்ணை எடுக்காம பார்த்தாரே, தம்பி. கல்யாணத்தன்னைக்குக்கூட அப்படிப் பார்க்கல. அதுக்காகவே இன்னொரு துண்டும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்."

எனக்கு அண்ணன் மேல் கோபம் கோபமாக வந்தது. அண்ணி மேலும்தான்.

இதைக் காதல் கதை என்று போடுவதா, குற்றக் கதை என்று போடுவதா என்று பத்திரிகையில் கேட்கிறார்கள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நீங்களே முடிவு செய்து, உங்களுக்குப் பிடித்தபடி முடித்துக்கொள்ளுங்கள். அண்ணியின் நிபந்தனை ஒன்றே ஒன்று. எதை அடித்தாலும் சரி, அண்ணன் தன்னைப் பார்த்ததை மட்டும் அடித்துவிடக் கூடாதாம்.