மெத்தென்ற ஜாக்கெட்

தையல்காரி எதையும் வீணாக்க மாட்டாள். சோபா உறை தைத்ததில் மிஞ்சிய ஸ்பாஞ்சைக்கூட மூட்டை கட்டி வைத்திருந்தாள். போன மாதம் ஏரிப் படகுக்காரர் கிழிந்த லைஃப் ஜாக்கெட்டுகளைக் கொண்டுவந்து போட்டார். சிறுவர் ஜாக்கெட் ஒன்றில் உள்ளே இருந்ததெல்லாம் பொடிப்பொடியாக உதிர்ந்திருந்தது. அதில் ஸ்பாஞ்சைத் திணித்து, மெத்தென்று தைத்துக் கொடுத்தாள். அவர் வாயாரப் புகழ்ந்தார். அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

இன்று மகள் பள்ளிப் பிள்ளைகளோடு ஏரிக்குப் போயிருந்தாள். கடையைத் துடைக்க அதே ஸ்பாஞ்சில் ஒரு துண்டை வாளியில் போட்டு அமுக்கினாள் தையல்காரி. அது தண்ணீரைக் குடித்துவிட்டு அடியில் போய் உட்கார்ந்தது. அந்தச் சிறுவர் ஜாக்கெட்டில் திணித்ததும் இதேதான். கடையைப் பூட்டக்கூடத் தோன்றாமல் ஓடினாள்.

படகு நடு ஏரியில் இருந்தது. வேறு பட்டி கிடைக்காமல் அந்த ஜாக்கெட்டில் அவள் வைத்துத் தைத்த மஞ்சள் பட்டி பளிச்சென்று தெரிந்தது. போட்டிருந்தது அவள் மகளேதான்.

கத்த வாயெடுத்தவளை டிக்கெட் கொடுக்கும் அம்மாள் பிடித்து இழுத்தாள். "கூப்பிடாதடி! கல்யாணப் படகு கவுந்தது மறந்துபோச்சா?"

மறக்குமா? கரையிலிருந்து யாரோ பாசத்தோடு கையாட்ட, பதிலுக்குக் கையாட்ட எல்லாரும் ஒரே பக்கம் எழுந்து நின்றார்கள். படகு கவிழ்ந்தது. அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவளும் அதில் போய்விட்டாள். அன்றிலிருந்து இந்த ஊரில் படகைப் பார்த்து யாரும் கையாட்டுவதில்லை.

"படகுக்காரருக்குப் போன் போடுங்கக்கா."

"துடுப்பு போடும்போது எங்கே எடுக்கப்போறார்?"

மகள் கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்று டிக்கெட் கவுண்டருக்குப் பின்னால் குந்தினாள். பிள்ளைகளின் சிரிப்பு கேட்டது. திடீரென்று நின்றது. அவளுக்கு உயிரே போய்விட்டது. மறுபடி சிரிப்பு கேட்டது. பெற்றவள் இப்படி ஒளிந்து கிடப்பதைவிடத் தண்ணீரில் குதிப்பது மேல் என்று தோன்றியது.

படகு கரையில் முட்டியது. ஓடிப்போய் மகளை வாரி எடுத்து ஜாக்கெட்டைக் கழற்றினாள்.

"ஏம்மா அழற?" என்றாள் மகள்.

அதற்குள் அடுத்த படகுக்கு நின்ற பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். "ஆன்ட்டி, அது எனக்கு!" "எனக்கு!"

படகுக்காரர் சிரித்தார். "குடும்மா. நீ தச்சு கொடுத்ததிலேர்ந்து இதுக்குத்தான் அடிதடி. தினமும் ஏதாவது ஒரு குட்டி இதைப் போட்டுக்கிட்டுத்தான் போகுது."

"இது முழுகிடும்ணே."

பிள்ளைகளின் கூச்சலில் அது யாருக்கும் கேட்கவில்லை. ஜாக்கெட்டை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு மறுபடி உரக்கச் சொன்னாள். படகுக்காரரின் சிரிப்பு நின்றது. பிள்ளைகள் மட்டும் நீட்டிய கையை மடக்கவில்லை.