இரண்டாவது தேதிக்கு இடம்

பெயிண்டரக்காவின் கடைக்குள் நுழைந்தால் முதலில் டர்பன்டைன் வாடைதான் வரவேற்கும். ஒரு காலத்தில் கடைப் பலகை, பஸ் நம்பர் எல்லாம் எழுதியவள். போர் தொடங்கிய மூன்று வருஷமாக ஒரே வேலை: செத்துப்போன சிப்பாய்களின் முகத்தைப் போட்டோ பார்த்துப் பலகையில் வரைவது. கீழே பெயர், பிறந்த தேதி, ஒரு சின்னக் கோடு, இறந்த தேதி. நினைவு மண்டபத்தில் மாட்டுவார்கள்.

அன்று காலை ராணுவ ஆபீஸ் குமாஸ்தா ஒரு பழுப்பு உறையை மேசைமேல் வைத்தார்.

"பன்னெண்டு படம்மா. ரெண்டு வாரத்துல வேணும்."

"பன்னெண்டா? ரேடியோவுல ஒண்ணும் சொல்லலையே சார்."

"ரேடியோவை நம்புனா என் மாமியாரையும் நம்பணும். இந்தத் தெருவுக்குத்தான் பன்னெண்டு, மத்த தெருவுக்கெல்லாம் வேற பெயிண்டருங்க. ரெண்டாவது தேதி மட்டும் எழுதாதீங்க. இடம் விட்டுருங்க."

"ஏன் சார்?"

"போன தடவை பெயிண்ட் காயாம மந்திரி கையில ஒட்டிக்கிச்சு. எனக்கு மெமோ. அதான் இந்தத் தடவை முன்கூட்டியே..." சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று வாயை மூடிக்கொண்டு, குடையை அள்ளிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அவள் உறையைக் கவிழ்த்தாள். முதல் படம் எதிர்வீட்டு ரொட்டிக்கடைக்காரம்மாவின் மகன். ஒரு மணி நேரத்துக்கு முன்னால்தான் அவன் கையால் ரொட்டி வாங்கியிருந்தாள். ஒவ்வொன்றாகத் திருப்பினாள். எல்லாம் தினமும் பார்க்கிற முகங்கள். ஆள்சேர்ப்பில் பிடித்த பையன்கள். அடுத்த வெள்ளிக்கிழமை லாரி ஏற வேண்டியவர்கள். கடைசிப் படம் அவளுடைய தம்பி. சட்டைக் காலர் ஒரு பக்கம் மடங்கியிருந்தது.

அந்தக் கடைசிப் படத்தையே முதலில் எடுத்து வரைய உட்கார்ந்தாள்.

மத்தியானம் சாப்பிட வந்த தம்பி, அரைகுறையாக நின்ற தன் படத்தைப் பார்த்துச் சிரித்தான்.

"ஏன்க்கா மூக்கை இவ்வளவு பெருசா போட்டிருக்க? எதிரி தூரத்துலயே கண்டுபிடிச்சுருவான்."

அவன் குனிந்து பலகையின் அடியைப் பார்த்தான். பிறந்த தேதி. கோடு. அப்புறம் வெறும் வெள்ளை. மென்றுகொண்டிருந்த வாய் நின்றது.

"எங்கயாவது ஓடிப் போயிருடா."

"நான் ஓடுனா உன்னைப் புடிப்பாங்க. மத்த பதினோரு பேர் என்ன பாவம் பண்ணாங்க?"

அவன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் போனான். அவள் யோசித்தாள். வாயால் சொன்னால் வதந்தி என்பார்கள், வதந்திக்குச் சிறை. எழுதிக் காட்டினால் கிழித்துப் போடுவார்கள். கொடுத்த வேலையைக் கொடுத்தபடியே செய்தால்?

செய்தாள். ரொட்டிக்கடைப் பையனின் கன்னத்தில் ஒட்டியிருக்கும் மாவுத் தூளைக்கூட விடவில்லை. தம்பியின் காலரை மடங்கியபடியே வரைந்தாள்.

ஆயில் பெயிண்ட் காய வெளிக்காற்று வேண்டும். எந்தப் பலகையையும் நாற்காலியில் சாய்த்துத் தெருவில் வைப்பதுதான் அவள் வழக்கம். அந்த வெள்ளிக்கிழமை விடிந்ததும் பன்னிரண்டு பலகைகளையும் எடுத்துப்போய், அவரவர் வீட்டு வாசலில் ஆளுக்கு ஒரு நாற்காலி போட்டு வைத்தாள்.

ரொட்டிக்கடைக்காரம்மா கதவைத் திறந்தாள்.

"என்னடி இது? எம்புள்ள உள்ள ஷூ மாட்டிக்கிட்டு நிக்கிறான்."

"ஆபீஸ் ஆர்டர்க்கா. பத்து நாளைக்கு முன்னாடியே குடுத்துட்டாங்க."

அந்தம்மா மகனின் கன்னத்தைத் தொட்டாள். காயாத வெள்ளை விரலில் ஒட்டிக்கொண்டது. கீழே இருந்த வெற்றிடத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு நாற்காலியைத் தரதரவென்று நடுத்தெருவுக்கு இழுத்துப்போய், பலகையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அடுத்த வீட்டுக் கதவு திறந்தது. அதற்கடுத்தது. யாரும் கத்தவில்லை. நாற்காலிக் கால்கள் தரையில் உரசும் சத்தம்தான் கேட்டது. கடைசியாகத் தம்பியின் படத்தோடு பெயிண்டரக்காவும் போய் உட்கார்ந்தாள்.

லாரி வந்தது. ஹாரன் அடித்துப் பார்த்தது. அதிகாரி இறங்கினார்.

"எந்திரிங்கம்மா, நேரமாச்சு."

ரொட்டிக்கடைக்காரம்மா பலகையை அவர் முகத்துக்கு நேரே தூக்கினாள். "இங்க என்ன தேதி போடப் போறீங்க? இன்னிக்கா, நாளைக்கா? அதைச் சொல்லிட்டு ஏத்திக்கிட்டுப் போங்க."

அதிகாரி பார்த்தார். பன்னிரண்டு கோடுகள், பன்னிரண்டு வெற்றிடங்கள். லாரி டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். அரைமணி நேரம் கழித்து, வந்த லாரி காலியாகவே திரும்பிப் போனது. தெருவில் ஒருத்தர்கூடக் கை தட்டவில்லை.

திங்கட்கிழமை குமாஸ்தா மறுபடி வந்தார். குடை இல்லை. உறைக்குள் ஒரே ஒரு போட்டோ. தெருவில் குனிந்து, நாற்காலிமேல் பலகையைச் சாய்த்துக்கொண்டிருக்கும் பெயிண்டரக்கா. யாரோ மாடியிலிருந்து எடுத்திருக்கிறார்கள்.

"அதே அளவுதாம்மா," என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"இடம் விடணுமா சார்?"

அவர் வாசலைப் பார்த்துத் திரும்பினார்.

அவள் ஒரு புதுப் பலகையையும் தூரிகைகளையும் எடுத்துக்கொண்டு நடுத்தெருவுக்கு வந்தாள். நாற்காலி போட்டு, போகிறவர் வருகிறவர் பார்க்கத் தன் முகத்தை வரையத் தொடங்கினாள். உள்ளேயிருந்து தம்பி ஒரு நாற்காலியைத் தூக்கி வந்து பக்கத்தில் போட்டான். எதிரே ரொட்டிக்கடைக்காரம்மா கையிலிருந்த மாவைத் துடைத்துக்கொண்டு தன் நாற்காலியை இழுத்தாள்.

பிறந்த தேதியை எழுதிக் கோட்டைப் போட்டபோது, தெருமுனையில் ஒரு வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கோட்டுக்கு அப்பால் தூரிகையை எடுத்துக்கொண்டுபோகவும் இல்லை.